பின்னால் நின்ற கறுப்பு

கரடிக்குப் பயந்தவர்கள் இலையுதிர் காலத்தில் ஜப்பானின் அகிதா மலைக்குப் போகக் கூடாது. நான் பயந்தவன்தான். ஆனாலும் போவேன், சயோகோவையும் இழுத்துக்கொண்டு. அவள் என் மனைவி. என் படங்களுக்குப் பின்னணியாகக் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் அவளே.

ஊரார் முழு மலையையும் படம் எடுப்பார்கள். நான் ஒரே ஒரு மேப்பிள் இலையில் கட்டைவிரல் அகலத்தை எடுப்பேன். நரம்பும் சிவப்பும் மட்டும். இலை என்றே தெரியக் கூடாது. தெரிவதுமில்லை. போன மாதம் எங்கள் புகைப்படச் சங்கத் தலைவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "முழங்கால் எக்ஸ்ரேயா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்று காலை நல்ல வெளிச்சம். காட்டுக்குப் போகிற எல்லோரையும் போலச் சயோகோவும் இடுப்பில் கரடி மணி கட்டியிருந்தாள்; சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிப் போய்விடுமாம். கிணுகிணுவென்று கவனம் சிதறுகிறது என்று நான்தான் கழற்றச் சொன்னேன். மேதைகளுக்கு அமைதி வேண்டுமல்லவா.

காற்று அடங்குவதற்காக, கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் அவள் ஏதோ சொன்னாள், "ம்" என்றேன். காற்று அடங்கியது. இலைக்குப் பின்னால் மங்கலாக, ஆழமாக ஒரு கறுப்பு. இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு அழகாகத் துணி பிடித்ததே இல்லை.

"அப்படியே நில்லு. கொஞ்சம் இடது பக்கம்."

கறுப்பு நகர்ந்தது. அதில் ஒரு வெள்ளைக் கீற்று.

"கழுத்துத் துண்டு தெரியுது பாரு, மூடு. மலை மாதிரி நின்னா போதுமா, மூளை வேணாமா?"

"யாரைங்க திட்டுறீங்க?"

சயோகோவின் குரல்தான். எனக்குப் பின்னாலிருந்து, பாதைப் பக்கமாக.

"காருக்குப் போய் டீ எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

கண்ணை எடுத்தேன். பத்தடி தூரத்தில் கரடி. நெஞ்சில் வெள்ளைப் பிறை, மூக்கில் ஆவி.

கத்தினால் பாயும். ஓடினால் துரத்தும். சும்மா இருந்தால் சயோகோ நேராக அதன் முன்னால் வந்து நிற்பாள். சருகு நொறுங்கும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் சொன்னேன்: "சயோகோ, கிட்ட வராத. ஓடவும் ஓடாத. அப்படியே பின்னால போ."

"முன்னால வா, பின்னால போ! டீகூட இன்னும் ஊத்தல, அதுக்குள்ள..."

சருகுச் சத்தம் நின்றது. பார்த்துவிட்டாள்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் பெல்ட்டைப் பிடித்தது.

"கண்ண அதுமேலயே வைங்க. வழி நான் சொல்றேன். வேரு... கால தூக்குங்க. இங்க வழுக்கும்."

கரடி ஓர் அடி எடுத்து வைத்தது. என் முழங்கால் ஆடிய ஆட்டத்துக்கு நிஜமாகவே எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்.

"ஒண்ணுமில்ல. கல்லு. இடது கால்." அவள் குரலும் நடுங்கியது. பிடி மட்டும் இறுகியது.

கரடி என் கேமராவை முகர்ந்து பார்த்தது. முக்காலியோடு தள்ளிவிட்டது. அதோடு எங்கள்மேல் அதற்கு அக்கறை போய்விட்டது.

காருக்குள் கதவைப் பூட்டியதும் கேட்டாள்: "அப்போ 'அப்படியே நில்லு'ன்னது அதுகிட்டயா?"

"ஆமா."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. இடது பக்கம்னதும் நகர்ந்துச்சு."

"என்னைவிட அது தேவலை. இனிமே அதையே கூட்டிட்டு வாங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவள் கை இன்னும் என் பெல்ட்டில்தான் இருந்தது. கையை எடுத்தால்தான் கியர் போட முடியும். எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.