மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

ஸ்கேன் எடுக்கும் அந்தப் பெண்ணைக் கண்டாலே டீச்சருக்கு ஆகாது. காரணத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. டீச்சர் வாயைத் திறந்தால் வகுப்பே அடங்கும், புருஷன் மட்டும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ஒரு மாத்திரை விழுங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதே மனுஷன், அந்தப் பெண் மைக்கில் "மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றால் பெட்டிப் பாம்பாய்க் கிடப்பார். வீடு திரும்பும்வரை அவள் பொறுமையைப் பற்றித்தான் பேச்சு. டீச்சருக்கு வயிறு எரியும்.

புருஷனுக்குக் குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மருந்தில் கட்டிகள் சுருங்கியிருந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைய படத்தில்தான் அது தெரியும்.

இன்று பார்த்து அந்தப் பெண் லீவு. டீச்சருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அரைமணி நேரத்தில் வழுக்கைத்தலை டெக்னீஷியன் வெளியே வந்தார்.

"மூணு தடவை எடுத்தாச்சும்மா. பாதியிலேயே மூச்சை விட்டுடறார். படம் கலங்கிப்போகுது, கட்டியை அளக்கவே முடியல. நீங்க மைக்ல சொல்லிப் பாருங்களேன்."

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்கார்? அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க."

"அவங்க ஊர்லயே இல்லம்மா."

டீச்சர் உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால், காலையில் டீச்சர் மாட்டிவிட்ட காலுறைகள் மட்டும் தெரிந்தன.

"ஏங்க, நான்தான். மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க."

இயந்திரம் தடதடத்தது. டீச்சரும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விடச் சொல்லுங்க!"

"ஐயோ, விடுங்க, விடுங்க!"

ஒலிபெருக்கியில் இருமல் கேட்டது.

மதியம் டாக்டர் படத்தைக் காட்டினார். கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. ஆபரேஷன் செய்யலாம் என்றார். டீச்சர் அழுதுவிட்டாள்.

வெளியே வரும்போது புருஷன் சொன்னார்: "உயிரே போற மாதிரி இருந்துச்சு. நீ சொல்லாம விடக்கூடாதுன்னு பிடிச்சிட்டே கிடந்தேன்."

டீச்சர் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தப் பொண்ணுன்னா கரெக்டா விடச் சொல்லிடும்."

டீச்சர் கையை விட்டுவிட்டு, டெக்னீஷியனிடம் திரும்பிப் போனாள்.

"ஆபரேஷன் முடிஞ்சும் ஸ்கேன் எடுப்பீங்கல்ல? அன்னைக்கும் அந்தப் பொண்ணுக்கு லீவு குடுத்துடுங்க."