ஞாயிற்றுக்கிழமை போடாத மாத்திரை

என் வலது கை ஆடுவது பரிசுத்த ஆவியால் அல்ல, வியாதியால். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் ஆனது. சொன்ன பிறகு எங்கள் ஜெபவீட்டில் நாற்பது நாற்காலியில் ஒன்பதுதான் நிரம்புகிறது. அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

சூலூரிலிருந்து பல்லடம் போகிற வழியில், மூடிப்போன ஒரு தறிக்குடோனில் ஜெபவீடு நடத்துகிறேன். சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு மைக், ஒரு பழைய கீபோர்டு. என் பெயர் ஜெரோம். முன்பு கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்துகொண்டே ஊழியமும் செய்துவந்தேன். மூன்று வருடத்துக்கு முன் கை நடுங்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, "குடிக்கறதக் கொறச்சுக்குங்க ஜெரோம்" என்றார். நான் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. நரம்பு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். மூளையிலிருந்து வருகிற நடுக்கம், குணமாகாது, மூன்று வேளையும் மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும். கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு ஞாயிறு காலையில் மாத்திரை போட மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்ததுதான். அந்த முதல் தடவைக்கு மட்டும் சத்தியம் பண்ணத் தயார். ஆராதனை முடிவில் பங்காரம்மா என்கிற அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்தபோது கை தடதடவென்று ஆடியது. வெட்கத்தில் எடுக்கப் பார்த்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துத் தலையோடு அழுத்திக்கொண்டு, "அபிஷேகம் எறங்குதுங்க, கைய எடுத்துப்போடாதீங்க" என்று கதறி அழுதார். சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. அடுத்த வாரம் என் முன்னால் வரிசை நின்றது.

அடுத்த ஞாயிறும் மறந்தேன். அதற்குப் பிறகு, மறப்பதற்கு ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி அன்புச்செல்வி மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, வாராவாரம் ஞாயித்துக்கெழம மாத்திர மட்டும் அப்படியே கெடக்குது? சாமி பேரச் சொல்லி ஊர ஏமாத்தறீங்களா?" என்று நேராகவே கேட்டாள். நான் கத்தினேன். பதில் இல்லாதபோது எனக்குக் கத்தத்தான் தெரியும்.

ஏன் நிறுத்தவில்லை என்று இப்போது என்னையே கேட்டால், சென்னியம்மாள் வந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாவின் குடும்பத்துத் தோட்டத்தில்தான் என் அப்பா முப்பது வருடம் வேலை செய்தார். தாகம் எடுத்தால் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவும் எட்ட நின்று. சென்னியம்மாள் காரில் வந்து எங்கள் குடோன் வாசலில் இறங்கி, "முட்டி வலி தாங்க முடியலீங்க பாஸ்டருங்க, உங்க கைய ஒருக்கா வெய்யிங்க" என்று தலையைக் குனிந்தார். என் அப்பாவை "ஏண்டா" என்று கூப்பிட்ட அதே வாய். அந்தத் தலையின் மேல் என் கை ஆடிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது. அதையும் ஆவியானவர் என்று நம்பப் பார்த்தேன். வெறும் பெருமைதான் அது. அந்தப் பெருமையை விட எனக்கு மனம் வரவில்லை.

அப்படி இருக்கையில்தான் மாரியாத்தாள் சாட்சி சொல்ல எழுந்தாள். அவள் ஒரு தறிக்குடோனில் நூல் சுற்றுகிறவள். அவள் புருஷன் மாசாணம் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு.

"பாஸ்டரய்யா கை வெச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. உச்சந்தலையில கரண்டு மாதிரி எறங்குச்சு. வலிப்பு மாத்திர அத்தனையும் குப்பையில போட்டுபோட்டேனுங்க. இன்னைக்கோட இருபத்தஞ்சு நாளாச்சு. ஒண்ணுமே வரலீங்க!"

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நானும் சொன்னேன். மைக் என்னிடம் இருந்ததால் என் அல்லேலூயாதான் உரக்கக் கேட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.

மத்தியானம் அன்புச்செல்வி சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தப் புள்ளைகிட்டப் போயி உண்மையச் சொல்லிப்போட்டு வந்து சாப்புடுங்க" என்றாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவதென்றுதான் போனேன். முன்வரிசையில் சென்னியம்மாள் உறவுக்காரர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். தேவ பலம் மனிதனுடைய பலவீனத்தில்தான் விளங்கும் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். யார் யாருடைய பலவீனத்தையோ எடுத்துச் சொன்னேன், என்னுடையதைத் தவிர. வாசலில் மாரியாத்தாளை நிறுத்தி, "எதுக்கும் டாக்டர ஒருக்காப் பாத்துக்கலாமே அம்மணி" என்று முனகினேன்.

அவள் சிரித்தாள். "நீங்களே இப்படிச் சொன்னா எப்புடீங்கய்யா? என்னச் சோதிக்கறீங்களா?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை காலை மாசாணம் போன் செய்தான். சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து மாரியாத்தாள் அடுப்பின் மேலேயே விழுந்துவிட்டாளாம். கொதிக்கிற கஞ்சி முழுவதும் வலது கையில். பெரிய ஆசுபத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "மாத்திர வேண்டாம்ங்கறாளுங்கய்யா. நர்சம்மா வாயில வெச்சாலும் துப்பறா. இன்னொருக்கா வந்துச்சுன்னா உசுருக்கே ஆவாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. நீங்க வந்து கை வெச்சீங்கன்னாப் போதும்."

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அன்புச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். "மாத்திர போட்டுட்டுப் போறீங்களா, போடாமயா?"

போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் போகப் போகக் கை அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

தீக்காய வார்டில் மாரியாத்தாளின் கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை கட்டுப் போட்டுக் கிடந்தது. முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் விட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்ர விசுவாசந்தான் பத்தலீங்கய்யா. நீங்க டாக்டரப் பாக்கச் சொன்னப்ப மனசுக்குள்ள ஒரு நிமிசம் சந்தேகப்பட்டுப்போட்டேன். அதுனாலதான் வந்துருச்சு. மறுபடியும் கை வெய்யிங்க, இந்தத் தடவ நான் சந்தேகப்படமாட்டேன்."

கட்டிலோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். மாசாணம் அவள் கால்மாட்டில் கைகூப்பி நின்றான். என் கை சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்கய்யா, கை ஆடவே இல்லீங்களே?"

"மாத்திர போட்டுட்டு வந்திருக்கறேன் அம்மணி."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வியாதி, மூன்று வேளை மாத்திரை, ஞாயிறு காலை மட்டும் போடாதது. "ஏன் போடறதில்லீங்க?" என்று கேட்டாள்.

"ஆடோணும்னுதான்."

மாசாணம் என்னருகில் வந்தான். "எந்திரிச்சுப் போயிருங்க. இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதுங்க." அந்த ஆத்திரத்திலும் அவன் மரியாதையை விடவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்தேன். "இருங்க" என்றாள் மாரியாத்தாள். வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி அழுதாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ வலியில் முனகிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தக் கரண்டு?"

"எனக்குத் தெரியாது அம்மணி. என்ர கையிலிருந்து வரல."

"செரி. ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"என்கிட்ட ஒண்ணுமே இல்ல அம்மணி."

"தெரியுதுங்க. இத்தன நாளு இருக்கற மாதிரி பண்ணுனீங்க. இப்ப இல்லாமப் பண்ணுங்க."

ஆண்டவரே என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மணிக்கணக்கில் ஜெபிக்கிறவன் என்று பேர் எடுத்தவன் நான். நான் ஏமாத்திட்டேன் ஆண்டவரே என்றேன். இந்தப் புள்ள கை வெந்துபோச்சு, என்னால ஒண்ணும் பண்ண முடியல, நீங்க பாத்துக்குங்க என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. ஆமென் சொல்லக்கூட வாய் வரவில்லை.

"ஆமென்" என்றாள் அவள்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நர்சம்மா குடுத்த மாத்திரைய எங்க வெச்சிருக்கறீங்க? எடுங்க" என்றாள். மாசாணம் தலையணைக்கடியில் தேடி எடுத்தான். அவன் அவள் கழுத்தைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தான். மாத்திரை தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறேன். ஜெபம் கேட்கப்பட்டதை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.