வறண்ட வானிலை

டீக்கடைச் சுவரில் தொங்கிய ரேடியோவுக்கு நேர் கீழே சின்னதுரை நின்றுகொண்டிருந்தான். மாலைச் செய்தி முடியும் நேரம். கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. விரல் நுனிகளில் சாம்பல். பட்டு இழை அறுந்தால் சாம்பலைத் தொட்டுத்தான் திரித்துச் சேர்க்க வேண்டும். இன்று காலையிலிருந்து அறுந்துகொண்டே இருந்தது.

"இன்னா தொர, தெனம் வந்து வானிலை கேக்கற? கடல்ல கப்பல் கிப்பல் வுட்டு வச்சிகீறியா?" என்றார் பெஞ்சிலிருந்த கந்தசாமி. அடுத்த தறியில் நெய்கிறவர். சிரிப்பு எழுந்தது.

"சும்மா இருண்ணா. சொல்லிகினு கீறான் பாரு."

காற்றழுத்தம் அதிகமாக இருப்பதால் வட மாவட்டங்களில் சில நாட்களுக்கு மழைக்கு வாய்ப்பில்லை, வறண்ட வானிலையே நிலவும் என்றது ரேடியோ. சின்னதுரை ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தான்.

பன்னீர்செல்வம் முதலாளியின் தறிக்கொட்டகையில் எல்லாம் குழித்தறி. மண் தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்து நெய்ய வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் குழியில் ஊற்று கிளம்பும். தறி நின்றுவிடும். சிமெண்டுத் தரை போட்ட அவரது மேட்டு வீட்டுத் தறிகள் மட்டும் மழையிலும் ஓடும். அவை உள்ளூர்க்காரர்களுக்கு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சின்னதுரை போன்றவர்கள் தை பிறக்கும்வரை வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். போன வருஷம் அப்படித்தான் அவன் மனைவி சாவித்திரி ரோட்டு வேலைக்குச் சல்லி சுமக்கப் போனாள். ஏழாம் மாதத்தில் பிள்ளை போயிற்று. இப்போது மறுபடியும் ஐந்து மாதம்.

"மழைக்கு முன்னாடி இந்தக் கூறப்பொடவைய நெஞ்சி அறுத்துக் குடுத்துடு. மேட்டு வூட்டுத் தறி ஒண்ணு ஒனக்குத்தான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். மஞ்சள் உடல், அரக்குக் கரை. பாதி நெய்தாகிவிட்டது.

வீட்டு வாசலில் அண்ணன் சடையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு துணிமூட்டை.

"எப்ப வந்த? ஊர்ல எல்லாம் நல்லாகீறாங்களா?"

"இன்னா நல்லா. நாத்து வுட்டு அப்படியே கருகிப்போச்சி. நடவு இல்ல, கூலியும் இல்ல. மழை வேணும்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்திப் பாத்தாச்சி. வானம் தொடச்சி வச்ச தட்டு மாதிரி கீது." சடையன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். "ரேடியோல இன்னா சொல்றான்? வருமாமா?"

சின்னதுரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "வராதாம்."

அவன் குரலில் இருந்த நிம்மதி சாவித்திரிக்குக் கேட்டது. அவள் தலையைக் குனிந்து அடுப்பை ஊதினாள்.

மறுநாள் காற்று இன்னும் காய்ந்துபோயிருந்தது. உதடு வெடித்தது. தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடா நாலு தடவை போவதற்குள், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை டப்பென்று தெறித்தது. சின்னதுரை குனிந்து முடிந்தான். நிமிர்வதற்குள் இன்னொன்று.

"காத்துல ஈரமே இல்லப்பா" என்றார் கந்தசாமி. "குழிய நனைச்சி வையி. ஓரத்துல ஈரச் சாக்கு போடு. பட்டு கொஞ்சம் கொணம் வரும்."

"தண்ணிக்கி எங்க போறது? கொழாயில ரெண்டு நாளா காத்துதான் வருது."

"நான் கொண்டாறேன்" என்றான் சடையன். காலையிலிருந்து கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தவன், வேலை கிடைத்ததும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

கமண்டல நதியில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைத் தேங்காய் ஓட்டால் மொண்டு, இரண்டு தகர டின்களில் நிரப்பிக் காவடி கட்டித் தூக்கி வந்தான். முதல் நடை தண்ணீரைக் குழியில் தெளித்தபோது மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. சடையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயிருக்கு இல்லாத தண்ணி. பட்டுக்கு ஊத்தறோம்."

"பேஜார் பண்ணாத. ஜல்தி இன்னொரு நட போய்ட்டு வா."

இழைகள் கொஞ்சம் அடங்கின. பொழுது சாய்வதற்குள் ஒரு சாண் நெய்தாகிவிட்டது. ஆனால் செய்தி நேரம் நெருங்க நெருங்கச் சின்னதுரைக்குக் கால் மிதியில் நிற்கவில்லை. எழுந்துகொண்டான்.

"தோ, வானிலை கேட்டுகினு வந்துர்றேன். காலைல காயாம இருக்கணும், குழில தண்ணி வுட்டு வை."

"எவ்ளோ வுடணும்?"

"நல்லா நனையணும்ணா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

சடையன் பிறந்தது முதல் வயலை நனைத்தவன். அவனுக்குத் தெரிந்த நனைதல் ஒன்றுதான். மண் குடிப்பதை நிறுத்தி, மேலே தண்ணீர் கட்டி நிற்க வேண்டும். பன்னீர்செல்வத்தின் தோட்டத்து வேலைக்காரனிடம் கெஞ்சிக் கேட்டுக் கிணற்றிலிருந்தும் இறைத்துக்கொண்டான். ஓடி ஓடி ஊற்றினான். வேர்வையில் முதுகு மினுங்கியது.

மழை இல்லை என்று மறுபடியும் கேட்ட சந்தோஷத்தில் சின்னதுரை கொட்டகைக்குள் நுழைந்தபோது, கந்தசாமி கையில் விளக்கோடு அசையாமல் நின்றிருந்தார்.

குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு பக்கத்து மண் சுவர் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. அந்தப் பக்கத் தறிக்கால் சாய்ந்து தறியையே இழுத்துவிட்டது. பாவின் பாதி இழைகள் அறுந்து, மஞ்சள் மயிராகத் தொங்கிச் சேற்றில் மிதந்தன. சடையன் காலி டின்னோடு ஓரமாக நின்றிருந்தான்.

"நல்லாத்தான்டா ஊறிச்சி" என்றான். "சட்டுனு கரை ஒடஞ்ச மாதிரி..."

சின்னதுரை அவனை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கையில் சாம்பல் அப்பியிருந்தது. இறக்கிவிட்டான்.

காலையில் முதலாளி வந்தார். கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேறு படாமல் எட்டிப் பார்த்தார்.

"கந்தசாமி, சேலையையும் பாவையும் அவுத்து ஒன் தறில ஏத்து. அறுந்தத ஒட்டிக்கலாம்." பிறகு சின்னதுரை பக்கம் திரும்பினார். "மழைக்கித்தான் குழி ரொம்பும். நீ வெயில்ல ரொப்பிட்டியே."

வாசலில் நின்ற சாவித்திரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "மொதலாளி, மேட்டு வூட்டுத் தறி..."

"பொங்கல் கழிச்சி வாங்கம்மா. பாக்கலாம். குழிய காலி பண்ணிட்டுப் போங்க." படியிறங்கியவர் நின்றார். "தண்ணிய தெருவுல கொட்டிடாதீங்க. காயிற காலம். தோட்டத்துல தென்னைக்கு ஊத்துங்க."

சின்னதுரை குழிக்குள் இறங்கி அலுமினியத் தட்டால் மொண்டு டின்னில் ஊற்றினான். மஞ்சள் நூல் துணுக்குகள் அவன் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டன. சடையன் டின்களைச் சுமந்து தோட்டத்துக்குப் போனான்.

தெருக்குழாயடியில் வரிசை நீண்டிருந்தது. சாவித்திரி தன் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். முன்னால் நின்றவள் குழாயைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று வந்தது.

வேலி இடுக்கில் தோட்டம் தெரிந்தது. சடையன் தென்னையின் பாத்தியில் டின்னைச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் வரப்பு உடைந்து தண்ணீர் வெளியே கசிந்தது. அவன் டின்னைக் கீழே வைத்து, குனிந்து, கையால் மண்ணை வாரி அந்த இடத்தில் அப்பினான். ஒரு சொட்டும் வீணாகாதபடி குதிகாலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினான்.