குறைத்தால் காரணம் எழுதுக

அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் போடாமல் எந்த எண்ணையும் வெளியே விடமாட்டார். கைபேசி இணையம் ஓடும் அலைவரிசைகளை அரசு ஏலம் விடும்போது, ஏலம் எந்த விலையில் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முதல் குறிப்பு எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருடச் சேவையில் அவரிடம் யாரும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டதில்லை. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். அதே சுத்தத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு ஆசை எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஒரு அலைவரிசை இரண்டு முறை ஏலத்துக்கு வந்து இரண்டு முறையும் சீந்துவாரில்லாமல் போனது. மூன்றாம் முறையும் படுத்தால் முதல் குறிப்பு எழுதியவர் பதில் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது.

அவர் கணக்கில் தவறில்லை. இரண்டு முறையும் நாற்பத்தொரு கோடி என்றுதான் எழுதினார். புள்ளிக்குப் பின்னால் இருந்ததை நாம் விட்டுவிடலாம். ஆனால் கோப்பு ஆறு மேசைகளைத் தாண்ட வேண்டும். விலைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'குறைத்தால் காரணம் எழுதுக' என்று அச்சடித்திருந்தது. கூட்டினால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. காரணம் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பது ஆறு மேசைக்கும் தெரியும். எண்ணைத் தொடாமல் விட்டாலோ கோப்பைப் படிக்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே ஆளாளுக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம் ஏற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்தொன்று உள்ளே போய் எழுபத்தேழாக வெளியே வந்தது. ஏல நாளன்று நிறுவனக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தசமம் அதிகம் பேசமாட்டார். மூன்று நாள் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். நாற்பத்தொன்றில் முடிய வேண்டுமென்றால் எதில் தொடங்க வேண்டும்? ஒவ்வொரு மேசையின் கையும் எவ்வளவு நீளும் என்பது அவருக்கு மனப்பாடம். விடை இருபத்திரண்டு. அதை எழுதிக் கோப்பை அனுப்பினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே தந்திரம் அது.

கோப்பு இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஆறு கையெழுத்து இருந்தது. எண் இருபத்திரண்டாகவே இருந்தது.

அவர் உடனே நிதிப் பிரிவு அம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா எப்போதும் பன்னிரண்டு சதவீதம்.

"மேடம், நீங்க எதுவும் ஏத்தலையே?"

அந்த அம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார், என் வேலைக்கு உலை வைக்கவா? நாப்பத்தொண்ணுன்னு கல்லு மாதிரி நிக்கிற ஆளு நீங்க. நீங்களே இருபத்திரண்டுன்னு எழுதினா அது உங்க எண்ணா? மேலேருந்து வந்த எண்ணுன்னு பியூனுக்குக்கூடத் தெரியும்."

"மேலேருந்து யாரும் சொல்லலை மேடம்."

"சொல்லவே இல்லை. நானும் கேக்கவே இல்லை. போய்ட்டு வாங்க."

ஏலம் நடந்தது. மூன்று நிறுவனங்கள் முட்டி மோதின. விலை ஏறி ஏறி நாற்பத்து மூன்றில் நின்றது. அவர் கணக்கு கிட்டத்தட்ட பலித்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவாரம் தணிக்கையிலிருந்து கடிதம் வந்தது. நாற்பத்து மூன்றுக்குப் போகக்கூடிய பொருளுக்கு இருபத்திரண்டு என்று விலை வைத்ததால் அரசுக்கு இருபத்தொரு கோடி இழப்பு. முதல் குறிப்பு எழுதியவர் விளக்கம் தரவும். நாற்பத்து மூன்றும் முழுசாகக் கஜானாவில் விழுந்துவிட்டதே என்பதற்கு அந்தக் கடிதத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

இயக்குநர் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரு சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. மந்திரியா, மந்திரியோட மச்சானா? பேரு வந்துட்டா தணிக்கைக்காரன் வாயை மூடிக்குவான்."

ஒரு பெயர் போதும். யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை. விசாரிக்கத் துணிச்சலும் கிடையாது. தசமம் மறுத்துத் தலையசைத்தார்.

"யாரும் சொல்லலை சார். எல்லாரும் ஏத்துவீங்கன்னு நெனச்சு நானே குறைச்சு எழுதினேன். யார் யார் எவ்வளவு ஏத்துவாங்கன்னு கணக்கு வெச்சிருக்கேன். வேணும்னா காட்டறேன்."

இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். இயக்குநரின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"இவ்வளவு நெருக்கியும் பேரைச் சொல்லலையே. பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறீங்களே. இந்தக் காலத்துல யாருய்யா இப்படி இருக்கா?"

"சார், நான் நிஜமாத்தான்..."

"போதும். புரிஞ்சுடுச்சு."

பெயரே வெளியே வராத அளவுக்குப் பெரிய இடம் என்ற பேச்சு தணிக்கை வரை போனது. பத்து நாளில் தணிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பின்னாலேயே இன்னொரு உத்தரவு வந்தது. அவருடைய அனுபவத்தையும் நம்பகத்தன்மையையும் கருத்தில் கொண்டு இரண்டு வருடப் பணி நீட்டிப்பு. அடுத்த ஐந்து அலைவரிசைகளுக்கும் அவரே விலை எழுதுவார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

உத்தரவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது, தலைகீழ்க் கணக்கு, ஆறு மேசைகளின் சதவீதம் எல்லாம் சொன்னார். அவர் முடித்ததும் அவள் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல சொல்லாதது சரிதான். என்கிட்டயாவது சொல்லுங்களேன். யாரு அது?"