கவர் போடாத கேபிள்

பிரிஜட்டுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறையாது, வாய்தான் மூடிக்கொள்ளும். கல்யாணமான பதினாறு வருஷத்தில் இதில் ஒரு வசதி கண்டுகொண்டவர் அவள் புருஷன் சூசைநாதன். அவள் வாயை மூடினால் அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசலாம்.

1987-ல், அந்த வாரம் முழுக்க அவள் வாய் மூடியே இருந்தது. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பதினோராம் மாடி வீட்டின் கூடத்தில், ஒரே மேசை மேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பழையது சூசைநாதனின் கம்பெனி இரவலாகக் கொடுத்தது, புதியது சொந்தமாக வாங்கியது. பழையதற்குள் பிரிஜட்டின் பதினெட்டு மாத உழைப்பு கிடந்தது. கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பங்குச் சாமியார் அவளை நம்பிக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் என்று நாலாயிரத்து இருநூறு பேரை அவள் தட்டெழுதி முடித்திருந்தாள். அவள் அப்பாவின் பெயரும் அதில் இருந்தது. செல் அரித்த புத்தகம். புரட்டப் புரட்ட ஓரம் கையோடு வந்தது. சில பக்கங்களை இனி யாரும் இரண்டாம் முறை படிக்க முடியாது.

இப்போது கம்பெனியை மூடுகிறார்கள். சனிக்கிழமை காலை லாரி வந்து பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடும். அதன் டிஸ்க்கைப் புதியது படிக்காது. ஒரே வழி, இரண்டுக்கும் நடுவே நேராக ஒரு கேபிள் போட்டு, எழுத்துகளை அதன் வழியே பாய்ச்சுவது. செகண்டுக்குத் தொள்ளாயிரத்து அறுபது எழுத்து பாயும், அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்று சூசைநாதன் மார்தட்டினார்.

கேபிளை ஜாலான் புசாரில் சாமான் கடை வைத்திருந்த அப்துல் மஜீது பாய் கடையிலேயே பற்றவைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“அண்ணே, ரெண்டு முனைக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டுக்குங்க. பின்னால பின் கம்பியெல்லாம் தொறந்து கெடக்கு. ஏதாச்சும் பட்டுச்சுன்னா போச்சு லா.”

“இருவது வருசமா கேபிள் வேலை பாக்குறவன் நான். எங்கிட்டயே கவர் விக்கிறீங்களா பாய்?”

பாய் சிரித்துக்கொண்டே கவரை மறுபடி டப்பாவில் போட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், புதிய கம்ப்யூட்டரின் திரையில் நாலு வரி நல்ல எழுத்து, அப்புறம் குப்பை, அப்புறம் ஒன்றுமே இல்லை. சூசைநாதன் வேகத்தைப் பாதியாக்கினார், கால்வாசியாக்கினார். கடைசியில் ஆமை வேகத்திலும் விட்டுப் பார்த்தார். கேபிளைத் தலைகீழாக மாற்றி மாட்டினார். இரண்டு பக்கமும் அமைப்புகள் ஒன்றுதானா என்று காகிதத்தில் எழுதிச் சரிபார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புதன்கிழமை சாயங்காலம் கேபிளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, பிரிஜட்டையும் இழுத்துக்கொண்டு ஜாலான் புசாருக்குப் போனார்.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பிரிஜட் எண்ணினாள். அவமானம் தாங்காத நேரத்தில் எதையாவது எண்ணுவது அவள் பழக்கம்.

“இது கேபிளா? தூக்கிப் போட்ட சாமானப் பொறுக்கி வந்து விக்கிறீங்களா? அஞ்சு வேள தொழுவுற மனுசன் இப்படி ஏமாத்தலாமா? அப்புறம் என்னத்துக்குய்யா அந்தத் தொழுகை?”

பாயின் முகம் சுண்டிவிட்டது. கேபிளை வாங்கி, மீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகச் சோதித்தார். “கேபிள் நல்லாத்தான் இருக்குண்ணே,” என்றார். ஆனாலும் வேறொன்று பற்றவைத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்து, ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரிஜட்டின் கையில் வைத்தார்.

“கவர் வச்சிருக்கேன் தங்கச்சி. சும்மாதான், வச்சுக்குங்க.”

பஸ்ஸில் சூசைநாதன் சொன்னார்: “பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு. இல்லன்னா எதுக்குச் சும்மா குடுக்கிறான்?” வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசை டிராயரில் வீசினார். பிரிஜட் போய் டிராயரை மூடினாள். அந்த மனிதரின் தொழுகையை இழுத்துப் பேச இவருக்கு என்ன தைரியம்? சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் கேபிளை மாட்டத் தெரிந்தவர் வீட்டில் இவர் ஒருவர்தான், லாரி வர இரண்டே நாள்தான். விழுங்கிக்கொண்டாள். இரண்டாவது கேபிளிலும் குப்பைதான் வந்தது.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் குடும்ப ஜெபம். சூசைநாதன், சுவரில் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டார். அது அவர் அப்பாவுடையது. நூற்று ஐம்பத்து மூன்று மணி, இரும்புச் சங்கிலி கோத்தது, ஓர் ஆள் உயரத்தில் பாதி இருக்கும். பக்கத்தில் அவர் அக்கா பிலோமினம்மாள். பிரிஜட் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“என்ன, ஜெபத்துக்கு வரலயா?”

“நீங்க சொல்லுங்க. எனக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

பிலோமினம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். சூசைநாதன் முறைத்துவிட்டு ஆரம்பித்தார். இரண்டாம் பத்து மணிகள் ஓடும்போது பிரிஜட் பழைய கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டினாள். எதிர்த் திரையில் வரிகள் ஏறின. அந்தோனியம்மாள், மகள். சவேரிமுத்து, மகன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஜெபம் முடிவதற்குள் கால்வாசிப் புத்தகம் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

“ஓடுதுங்க!”

சூசைநாதன் எழுந்து, ஜெபமாலையை முத்தமிட்டு ஆணியில் மாட்டிவிட்டு ஓடிவந்தார். அவர் வந்து நிற்கவும் திரையில் குப்பை கொட்டவும் சரியாக இருந்தது.

“எதத் தொட்ட நீ?”

“எதையும் தொடல.”

“தொடாம எப்படி நிக்கும்? ஒழுங்கா ஜெபத்துக்கு வந்திருந்தா இப்படி ஆகுமா?”

“மாதா பண்ணின புதுமை, தம்பி. ஜெபம் சொல்றவரைக்கும் ஓடுச்சு பாரு,” என்று பிலோமினம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

பிரிஜட் இருவரையும் பார்த்தாள். புதுமையா, அப்படி ஓர் அற்புதமா? ஜெபத்தின்போது இந்தக் கூடத்தில் என்ன மாறியது? விளக்கு மாறவில்லை, ஃபேன் மாறவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து ஜெபமாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். திரும்பிவந்து கட்டளையைத் தட்டினாள். ஓடியது. ஜெபமாலையை மாட்டினாள். நின்றது.

சூசைநாதன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். நீளச் சங்கிலி மேசைக்குப் பின்னால் தொங்கி, ஃபேன் காற்றில் ஆடி, கவர் போடாத பின்களின் மேல் உரசிக்கொண்டிருந்தது. ஆணி அவர் அடித்தது. மேசையை அங்கே போட்டவர் அவர். ஜெபமாலையைத் தினமும் மாட்டுகிறவரும் அவரே.

பிரிஜட் டிராயரைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, கவர்களை அவர் முன்னால் வைத்தாள்.

“மாட்டுங்க.”

மாட்டினார். வேகத்தை மேலே ஏற்றினார். ராச்சாப்பாட்டுக்குள் நாலாயிரத்து இருநூறு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவள் அப்பாவின் வரியைத் தேடிப் படித்துப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அந்த மனுசனோட தொழுகையப் பேசினீங்களே. எல்லாத்தையும் கெடுத்தது உங்க ஜெபமாலை.”

“போன் பண்ணி சாரி சொல்லிடறேன்.”

“போனா? திட்டுறது ஆறு பேர் முன்னால, மன்னிப்பு மட்டும் ஒளிஞ்சு நின்னா? சனிக்கிழமை நேர்ல போறோம்.”

சனிக்கிழமை லாரி வந்து பழைய கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் ஜாலான் புசாரில் இறங்கினார்கள். கடையில் இரண்டே பேர் இருந்தார்கள். சூசைநாதன் முகம் தெளிந்து, விறுவிறுவென்று உள்ளே போகப் பார்த்தார். பிரிஜட் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னும் நாலு பேர் வரட்டும்.”

“வெயில் கொளுத்துது, பிரிஜட்.”

“கொளுத்தட்டும்.”

கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றார்கள். மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். கடைசியாக ஒரு சீனர் பல்பு வாங்க நுழைந்தார்.

“அவருக்குத் தமிழ் தெரியாது,” என்றார் சூசைநாதன்.

“அன்னைக்கும் ரெண்டு சீனர் இருந்தாங்க. நீங்க திட்டுனது அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது.”

உள்ளே போனார்கள். பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்த வேலையை மேசைமேல் வைத்தார். சூசைநாதன் கல்லாவை ஒட்டிக் குனிந்து, பாயின் காதுக்கு மட்டும் எட்டும்படி, “பாய், அன்னைக்கு நான் பேசினது தப்பு,” என்று முணுமுணுத்தார்.

“இந்தச் சத்தத்துலயா அன்னைக்குப் பேசினீங்க?” என்றாள் பிரிஜட், கடை முழுக்கக் கேட்கும்படி.