வாசல் வாஷ்பேசின்

அந்த வீட்டில் நான்கு பெண்கள் தொழில் செய்தார்கள். ஐந்தாமவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள், எல்லோருக்கும் அவள் மூக்கு அக்கா. வருகிறவனை ஒரு கை தூரத்தில் நிறுத்தி, வெயிலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசுவாள். பேச்சு ஒரு சாக்கு. வேலை செய்வது மூக்கு. குடித்தவன் எத்தனை மிட்டாயை மென்றாலும் வியர்வை காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சல்காரனிடம் ஒரு புளிப்பு வாடை. அவள் தலையசைத்தால்தான் மாடிக்கதவின் தாழ் திறக்கும்.

பெருந்தொற்றில் வீடு ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. அக்காவும் படுத்து எழுந்தாள். வாசனை மட்டும் திரும்பவில்லை. கிளினிக் நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலம் என்று நான்கு புட்டிகள். ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்து, அதன் பழைய மணத்தை மனதுக்குள் வரவழைத்தபடி இருபது வரை எண்ண வேண்டும். காலையிலும் மாலையிலும். வீடு திறந்து ஐந்து மாதமாக அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். கிராம்பு கூழாங்கல் மாதிரிதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மதியம் அப்படித் தலையசைத்து அனுப்பியவன்தான், நால்வரில் இளையவளான சின்னவளின் மணிக்கட்டை முறுக்கிவிட்டுப் போனான்.

இன்றும் சின்னவள் வாசலில் உட்கார்ந்து, வீங்கிய கையை ஐஸ் தண்ணீரில் வைத்திருந்தாள். “ரூம் பூரா சாராய நாத்தம்க்கா. உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“எனக்கு வாசனையே தெரியலடி. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து.”

“உன் மூக்கை நம்பித்தானேக்கா நாங்க ரூம் கதவைச் சாத்துறோம்?”

“சொன்னா வாசலுக்கு வேற ஆள் பார்ப்பீங்க. இந்த வயசுல நான் எங்கடி போவேன்?”



அந்த நேரம் பார்த்துக் குழாய்க்காரர் வந்தார். நோய்க்காலத்தில் வருகிறவர்கள் கை கழுவ வாசலில் மாட்டிய வாஷ்பேசினை எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. அவர் ஸ்பேனரை எடுத்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

“நேத்து அவன் இங்கதான் கை கழுவினான். குழாயை ரெண்டு தடவை தப்பாத் திருகினான். சட்டைக்கை நனைஞ்சதுகூட அவனுக்குத் தெரியல. எல்லாம் பார்த்தேன்டி. மூக்கு ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்.”

“செத்த மூக்குகிட்டப் போய் கேட்டியாக்கும்.”

“கழட்டாதீங்கண்ணே,” என்றாள் அக்கா.

“இங்க யார் முதலாளி?” என்றார் குழாய்க்காரர்.

“பொறுங்கண்ணே,” என்றாள் சின்னவள். கையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் போய் நின்றாள்.

குழாய்க்காரர் ஸ்பேனரோடு ஓரமாக நின்றார். மூன்று மணிக்கு ஒருவன் வந்தான். கோட்டு, வாரிய தலை, மரியாதையான பேச்சு. அக்கா சோப்பை நீட்டினாள். சோப்பு அவன் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. குழாயை மூடாமலே திரும்பினான்.

“இன்னைக்கு வேணாங்க.”

“ஏன், எனக்கென்ன குறைச்சல்?”

“கை இன்னும் காயல. காஞ்சதும் வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போனான். அக்கா திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை இறுக்கி மூடினாள். மூடிய கையை எடுக்கவும் இல்லை.

சின்னவள் வெளியே வந்தாள். “சாராயம் திரை வரைக்கும் வீசுச்சுக்கா.” பிறகு குழாய்க்காரரிடம், “நீங்க போயிட்டு வாங்கண்ணே,” என்றாள்.

“மேல இருக்கிறவங்ககிட்ட நானே சொல்லிடறேன்டி,” என்றாள் அக்கா.

“மூணு பேர்கிட்டயும் முழுசா சொல்லு. வீக்கம் வடியறவரைக்கும் நான் மாடி ஏறல. இங்கதான் உக்காரப்போறேன்.”

“பெஞ்சு சின்னதுடி.”

“நகர்ந்து உக்காரு.”

அக்கா நகர்ந்தாள்.