குப்பியில் ஏறாத நீலம்

போன்ஸே நகரத்து அன்செல்மோ ருபெர்த்தே பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் பொட்டுப் பாசி பார்த்தவர் கிடையாது. தினமும் காலையில், காப்பிக்கு முன்பே, தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து மருந்துத் தூள் போட்டுக் குலுக்குவார். பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் தண்ணீரில் இருந்தால் நீலம் ஏறும். அவர் குப்பியில் ஏறியதே இல்லை. "சுத்தம்" என்று சொல்லிக்கொள்வார்.

அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் சொராய்தாவின் பவளம் வெளிறிக்கொண்டிருந்தது.

சொராய்தா அவர் மனைவி. இறந்து மூன்று வருடம். விரல்கணு அளவில் வாங்கிய ஊதாப் பவளத்தைக் கை அகலத்துக்கு வளர்த்து, ஒரு கிளையை உடைத்துத் தன் தம்பி வில்ஃபிரெடோவுக்குக் கொடுத்திருந்தாள். பவளம் வளர்ப்பவர்களுக்குள் அது வழக்கம். ஒரு வீட்டில் செத்துப்போனால் மற்ற வீட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஊதா போய் எலும்பு நிறம் வந்துவிட்டது. தண்ணீர் இன்னும் சுத்தமாக வேண்டுமோ என்று அன்செல்மோ பில்டரில் பாஸ்பேட்டை உறிஞ்சும் குருணையை இன்னொரு பிடி கொட்டினார். மீன் தீனியைப் பாதியாக்கினார். நுனிகளில் தோல் உரியத் தொடங்கியது.

வில்ஃபிரெடோவிடம் ஒரு கிளை கேட்கலாம்தான். ஆனால் பேச்சு இல்லை. சொராய்தாவுக்கான ஒன்பதாம் நாள் ஜெபத்தில், அத்தனை உறவுக்கும் முன்னால், "இந்த வீட்டுல உக்காரவே பயமா இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி. எங்கக்கா எப்படித்தான் மூச்சு விட்டாளோ" என்றவன் அவன். அன்செல்மோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவன் போய்விட்டான். இனி அவன் வாசலில் போய் நிற்பதா? கேட்டு வாங்கும் பழக்கம் ருபெர்த்தே குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை இன்னொரு நுனி உடைந்து மணலில் விழுந்தது. கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வில்ஃபிரெடோவின் டயர் கடை துறைமுகப் பக்கம்.

"அட, மச்சானா! காத்து இறங்கிடுச்சா?"

"கார்ல ஒரு குறையும் இல்ல."

"நான் காரைக் கேக்கலையே."

டயர்களுக்கு நடுவே அவன் தொட்டி. கண்ணாடியெல்லாம் பச்சைப் படலம். கொழுத்த மீன்கள் இறாலுக்கு முட்டி மோதின. அந்தக் குப்பைக்கு நடுவில் சொராய்தாவின் பவளம் கத்தரிக்காய் நிறத்தில் செழித்து நின்றது. அன்செல்மோ வெகுநேரம் பார்த்தார். கிளை கேட்க வந்தவர் வேறொன்றைக் கேட்டார்.

"பாஸ்பேட் எவ்வளவு வச்சிருக்க?" என்றார் கடைசியில்.

வில்ஃபிரெடோ குப்பியைக் குலுக்கிக் காட்டினான். இளநீலம். "உங்களுது?"

"ஜீரோ." பெருமையாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கியது.

"ஜீரோவா? பட்டினி போட்டிருக்கீங்க மச்சான். அதிகமானாத்தான் பாசி. ஒண்ணுமே இல்லன்னா அது எதைத் தின்னு நிறம் கட்டும்?" அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "உங்களுது செத்தா குடுன்னு அக்கா சொல்லியிருக்கு, கிளை தர்றேன். ஆனா அந்தத் தண்ணில போட்டா இதுவும் செத்துடும். முதல்ல குப்பியில நீலம் வரட்டும்."

வீட்டுக்கு வந்து பில்டரிலிருந்த குருணையை எடுத்து வெளியே கொட்டினார். மீன்களுக்கு இரண்டு வேளையும் வயிறாரப் போட்டார். நாலாம் நாள் கண்ணாடியில் மங்கலாகப் படலம் கட்டியது. துடைக்கும் துணியோடு போனவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் நாள் குப்பியில் நீலம் தெரிந்தது. உண்டா இல்லையா என்ற அளவுதான். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வந்துடுச்சு."

வில்ஃபிரெடோ தண்ணீர்ப் பையில் கிளையோடு வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு அதே கதவு. காலணியை வாசலில் கழற்றப் போனான். "போட்டுக்கிட்டே வா" என்றார் அன்செல்மோ.

அவன் தொட்டிக்குள் குனிந்து பார்த்தான். வெளிறிய பவளத்தின் அடியில், கட்டைவிரல் அளவுக்கு, மறுபடியும் ஊதா.

"பொழைச்சுக்கும் மச்சான். அப்ப இது உங்களுக்கு வேணாம்." பையைத் திரும்ப எடுத்தான்.

அன்செல்மோ நிமிர்ந்து நின்றபடியே கையை நீட்டினார்.

"வேணும். எனக்குக் குடு வில்ஃபிரெடோ."